கண்ணுக்குக் காட்டாத பொன்

விவிலியத்தின் யாத்திராகமத்தில் ஒரே மக்கள் ஓராண்டுக்குள் இரண்டு முறை தங்கள் காதணிகளைக் கழற்றிக் கொடுக்கிறார்கள். முதல் முறை அந்தப் பொன் கன்றுக்குட்டியாகிறது. அதைச் சுற்றி ஆடியவர்கள் தண்டிக்கப்படுகிறார்கள். கன்று எரிக்கப்பட்டு, பொடியாக்கப்பட்டு, தண்ணீரில் தூவப்படுகிறது. இரண்டாம் முறை அதே வகைப் பொன் ஆசரிப்புக் கூடாரத்தின் பெட்டியாகவும் மேசையாகவும் விளக்காகவும் உருப்பெறுகிறது. இறைவனின் மகிமை அந்தக் கூடாரத்தை நிரப்புகிறது. உலோகத்தில் மாற்றமில்லை, கொடுத்தவர்களிலும் மாற்றமில்லை. பிறகு, ஒன்றைப் பாவம் என்றும் மற்றொன்றை வழிபாடு என்றும் பிரித்தது எது? பண்டைய இஸ்ரயேலரின் ஆலயப் பொன்னைப் பற்றிப் பேசும்போது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. பொன் துருப்பிடிக்காது, ஒளி மங்காது, ஆகவே அது அழிவற்ற இறைத்தன்மையின் அடையாளம் என்பது அந்த விளக்கம். பிழையென்று அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கன்றுக்குட்டியின் பொன்னும் துருப்பிடிக்காத பொன்தானே. உலோகத்தின் இயல்பை மட்டும் வைத்து இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது என்பதே என் வாதத்தின் தொடக்கம். பொன்னுக்கு உலகில் இரண்டு வல்லமைகள் உண்டு: கண்ணைக் கவர்வது, பொருளை வாங்குவது. இஸ்ரயேலரின் வழிபாட்டு ஒழுங்கு அதன் ஆழத்தில் இந்த இரண்டையும் பொன்னிடமிருந்து பறித்தது. அப்படிப் பறித்த பிறகு மிஞ்சிய பொன்னைத்தான் அது புனிதம் என்று ஏற்றது.

கூடாரத்தின் அமைப்பிலிருந்து தொடங்கலாம். யாத்திராகமம் 38ஆம் அதிகாரம் கட்டுமானத்துக்குச் செலவான உலோகங்களின் கணக்கை ஒப்புவிக்கிறது: பொன் 29 தாலந்து 730 சேக்கல், வெள்ளி 100 தாலந்து 1,775 சேக்கல், வெண்கலம் 70 தாலந்து 2,400 சேக்கல். 6,03,550 ஆண்கள் தலைக்கு அரைச் சேக்கல் கொடுத்ததால் அந்த வெள்ளி சேர்ந்தது என்றும் அதே பகுதி சொல்வதால், ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல் என்று நாமே கணக்குப் போட்டுவிடலாம். அகழாய்வுகளில் கிடைத்த எடைக்கற்களின்படி ஒரு சேக்கல் ஏறத்தாழ 11.4 கிராம். அப்படியானால் கூடாரத்தின் பொன் சுமார் ஒரு டன். இந்த உலோகங்கள் வந்த வழியிலும் வேறுபாடு உண்டு. வெள்ளி கட்டாய வரி. பணக்காரன் கூட்டியும் ஏழை குறைத்தும் கொடுக்கக் கூடாது. அந்த வெள்ளியின் பெரும்பகுதி பலகைகளைத் தாங்கும் நூறு பாதங்களாகிக் கட்டடத்தின் அடியில் போய்ச் சேர்ந்தது. பொன்னுக்கு வரி கிடையாது; மனமுவந்தவர்கள், ஆண்களும் பெண்களும், நகைகளாகக் கொண்டுவந்தார்கள். போதும் என்று மோசே தடுக்க வேண்டிய அளவுக்கு அது வந்து குவிந்தது. கன்றுக்குட்டிக்கு மோசேயின் அண்ணன் ஆரோன் கேட்டது வேறு விதம்: உங்கள் மனைவியர், பிள்ளைகள் காதுகளில் இருப்பதைக் கழற்றிக் கொண்டுவாருங்கள் என்ற கட்டளை அது. தலைவர் மோசே மலையிலிருந்து இறங்கத் தாமதமானதில் எழுந்த பதற்றம் அதன் பின்னணி.

இந்த உலோகங்கள் எங்கெங்கே வைக்கப்பட்டன என்பதில்தான் அமைப்பின் சிந்தனை வெளிப்படுகிறது. வெளிப் பிராகாரத்தில் தகனபலிபீடமும் கழுவும் தொட்டியும் வெண்கலம். பிராகாரத் தூண்களின் கொக்கிகள் வெள்ளி. கூடாரத்துக்குள் போனால் பொன். உள்ளேயும் தர வேறுபாடு உண்டு: பலகைகளுக்கும் தாழ்ப்பாள்களுக்கும் சாதாரணப் பொன் தகடு, பெட்டி, மேசை, விளக்கு, தூபபீடம் ஆகியவற்றுக்குப் பசும்பொன். உள்ளே செல்லச் செல்ல உலோகத்தின் மதிப்பு ஏறுகிறது என்பதை மெனாகெம் ஹாரான் 1978இல் வெளியிட்ட ஆலய வழிபாட்டு ஆய்வில் விரிவாகக் காட்டினார். அவர் காட்டிய ஏறுவரிசைக்கு எதிர்த்திசையில் இன்னொரு வரிசையும் ஓடுகிறது. பொன்னின் மதிப்பு கூடக் கூட, அதைக் காண்போரின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. பொன் வேய்ந்த பலகைகளின் மேல் மெல்லிய துணி விரிப்பு, அதன் மேல் ஆட்டுமயிர் விரிப்பு, அதற்கும் மேல் இரண்டு தோல் மூடிகள். வாசல் தூண்களை விட்டுவிட்டால், பிராகாரத்தில் நின்ற சாதாரண இஸ்ரயேலன் கண்டது வெண்கலமும் வெள்ளியும் துணியும் தோலும்தான். உள்ளே இருந்த விளக்கையும் மேசையையும் ஆசாரியர்கள் மட்டும் கண்டார்கள். திரைக்கு அப்பால் இருந்த பெட்டியின் முன் பிரதான ஆசாரியர் ஒருவர் மட்டும், ஆண்டுக்கு ஒரு நாள் சென்றார். அவரும் தூபப் புகை பெட்டியின் மேல்மூடியான கிருபாசனத்தை மறைக்கும்படி செய்துகொண்டுதான் உள்ளே நிற்க வேண்டும். பயணத்தின்போது கூடாரத்தைப் பிரிக்கையில் ஆசாரியர்கள் முதலில் எல்லாவற்றையும் துணியாலும் தோலாலும் மூடிவிடுவார்கள். அதன் பிறகே லேவியரில் ஒரு பிரிவினரான கோகாத்தியர் தோளில் சுமக்க வருவார்கள். சுமப்பவர்களே அந்தப் பொருள்களை ஒரு கணமும் பார்த்துவிடக் கூடாது, பார்த்தால் சாவு என்று எண்ணாகமம் 4ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. சாலொமோன் அரசர் எருசலேமில் கட்டிய ஆலயத்தின் உள்ளறையிலும் இதே நிலை. நீளம், அகலம், உயரம் மூன்றும் இருபது முழமான அந்த அறை முழுவதும் பசும்பொன் வேயப்பட்டது. அதற்குள் விளக்கு இருந்ததாகக் குறிப்பில்லை. இறைவன் காரிருளில் வாசம் செய்வதாகவே சாலொமோன் பேசுகிறார். பார்வைக்காகவே மனிதர் தேடும் உலோகம், பார்வை எட்டாத இருளில் சுவர் முழுக்கப் பதிந்திருந்தது.

அந்தப் பெட்டியையே அருகில் வைத்துப் பார்ப்போம். நீளம் இரண்டரை முழம், அகலமும் உயரமும் ஒன்றரை முழம். சீத்திம் மரத்தால் செய்து உள்ளும் புறமும் பொன் தகடு பொதிந்தது. அதற்குள் இருந்தவை இரண்டு கற்பலகைகள்; சாலொமோன் காலத்தில் அவற்றைத் தவிர வேறொன்றும் அதில் இல்லை என்று 1 இராஜாக்கள் 8ஆம் அதிகாரம் தெளிவாகச் சொல்கிறது. பொன்னுக்குள் மரம், மரத்துக்குள் பொன், அதற்குள் விலையில்லாத கல், கல்லின் மேல் கட்டளைகள். பெட்டிக்கு மேல் மூடியாக இருந்த கிருபாசனம் முழுப் பசும்பொன். அதன் இரு முனைகளிலும் அதே பொன்னிலிருந்து சம்மட்டியால் அடித்து உருவாக்கிய இரண்டு கேரூபீன்கள், சிறகுகளை மேலே விரித்து, முகங்களை ஒன்றையொன்று நோக்கித் திருப்பிக் கிருபாசனத்தைப் பார்த்தபடி நின்றன. இறைவன் பேசுவது அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்து. அந்த நடுவிடத்தில் ஒன்றும் இல்லை. பொற்கொல்லரின் திறமை முழுவதும் ஒரு வெற்றிடத்தின் இரு கரைகளை அமைப்பதற்குச் செலவழிந்தது. அண்டை நாடுகளின் வழக்கத்தோடு ஒப்பிட்டால் இதன் துணிவு புரியும். எகிப்தியர் பொன்னைத் தெய்வங்களின் சதை என்றே கருதினார்கள். பாபிலோன் கோயிலில் பெரிய பொற்சிலை அமர்ந்திருந்ததை ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அங்கே பொன் தெய்வத்தின் உடல். இங்கே பொன் தெய்வத்துக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்கிறது.

கேரூபீன்களும் பொன்னால் ஆன உருவங்கள்தானே, கன்றுக்குட்டி மட்டும் எப்படிக் குற்றம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கன்றும் இறைவனின் உருவமாக அல்ல, அவர் ஏறி நிற்கும் பீடமாகவே செய்யப்பட்டது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. கானான் நாட்டில் கன்றுருவ வழிபாடு பழையது; 1990இல் அஸ்கலோன் அகழாய்வில் வெள்ளித் தகடு போர்த்திய சிறிய வெண்கலக் கன்று ஒன்று, அதை வைத்திருந்த மண் மாடத்தோடு கிடைத்தது. கிறிஸ்துவுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்டது அது. பீடம் என்றே வைத்துக்கொண்டாலும் வேறுபாடு மறையாது. கன்று மக்கள் கூட்டத்தின் நடுவில், எல்லார் கண்ணுக்கும் முன்னால் நின்றது. இதோ உன் தெய்வம் என்று சுட்டிக்காட்டப்பட்டது. கேரூபீன்களை அப்படிச் சுட்டிக்காட்ட யாருக்கும் வாய்ப்பே தரப்படவில்லை. நியாயாதிபதிகள் 8ஆம் அதிகாரத்தில் கிதியோனின் கதை இதை இன்னும் கூர்மையாக்குகிறது. அரசனாகும்படி மக்கள் கேட்டபோது மறுத்த நல்ல மனிதர் அவர். போரில் கிடைத்த காதணிகளை மட்டும் கேட்டு வாங்கினார். 1,700 சேக்கல் பொன் சேர்ந்தது. அதில் அவர் செய்தது தெய்வச்சிலையல்ல, ஆசாரியர் அணியும் ஏபோத்து என்னும் ஆடை. இஸ்ரயேலரின் வழிபாட்டுக்கு உரிய பொருள்தான் அது. ஆனால் அதைத் தன் ஊரில் வைத்தார். ஊரே அதன் பின்னால் போனது. அவருடைய குடும்பத்துக்கே அது கண்ணியானது. பொருளின் வடிவம் சரியாக இருந்தும், பொன் காட்சியாகிவிட்டதால் வழிபாடு தடம் புரண்டது. பிற்காலத்தில் யெரொபெயாம் அரசன் பெத்தேலிலும் தாணிலும் பொற்கன்றுகளை நிறுத்தினான். மக்கள் எருசலேமுக்குப் போவதைத் தடுத்து, அவர்களைத் தன் ஆட்சியோடு கட்டிவைப்பதே அதன் நோக்கம் என்று 1 இராஜாக்கள் வெளிப்படையாகச் சொல்கிறது. காட்சிக்கு வந்த பொன் அங்கே ஆட்சிக்கும் கருவியாயிற்று.

பிரதான ஆசாரியரின் உடை இந்த வாதத்துக்கு மிக வலிமையான சான்று. நாள்தோறும் அவர் அணிந்த உடையில் பொன் ஏராளம். பொன்னைத் தகடாக அடித்து, அந்தத் தகட்டை இழைகளாக வெட்டி, நீல, ஊதா, சிவப்பு நூல்களோடு சேர்த்து நெய்ததை யாத்திராகமம் 39ஆம் அதிகாரம் விவரிக்கிறது. ஜரிகை வேலை அறிந்தவர்களுக்கு அந்த உழைப்பின் நுணுக்கம் விளங்கும். மார்பில் பன்னிரண்டு கோத்திரப் பெயர்கள் பொறித்த கற்கள் பொன் குவளைகளில் பதிந்திருந்தன. அங்கியின் ஓரத்தில் பொன் மணிகள். நெற்றியில், ஆண்டவருக்கென்று பிரித்து வைக்கப்பட்டதைக் குறிக்கும் எழுத்து வெட்டிய பொற்பட்டம். இவ்வளவும் அணிந்தவர், பாவநிவாரண நாளில் மிக உள்ளே போகும் வேளை வந்ததும் அனைத்தையும் களைந்துவிட்டு வெறும் சணல்நூல் ஆடை உடுத்திக்கொள்ள வேண்டும். லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தின் சட்டம் அது. பொன்னுக்கு மிக நெருங்கிய மனிதர், பொன் மிகுந்த அறைக்குள் பொன்னில்லாமல் நுழைந்தார். இதற்குக் காரணம் தேடிய, யூத மரபுநூலான தல்முதின் அறிஞர்கள், குற்றம் சாட்டுபவனே வழக்காடி விடுவிக்க முடியாது என்ற நெறியைச் சொன்னார்கள். கன்றுக்குட்டியை நினைவூட்டும் உலோகம் பாவமன்னிப்பு வேண்டும் இடத்தில் வரக் கூடாது என்பது அதன் கருத்து. உடனே அவர்களே தடையும் எழுப்பினார்கள்: உள்ளே பெட்டியும் கேரூபீன்களும் பொன்தானே? அவர் கையில் எடுத்துப்போகும் தூபக் கரண்டியும் பொன்தானே? அந்த விவாதம் வந்து சேர்ந்த முடிவு, பாவியானவன் அந்த இடத்தில் பொன்னால் தன்னை அலங்கரித்துக்கொள்ளக் கூடாது என்பது. அவர்கள் வெகு துல்லியமாகப் பிரித்தார்கள். இறைவனுக்கு விட்டுக்கொடுத்த பொன் அங்கே இருக்கலாம். தன்னை உயர்த்திக் காட்டும் பொன் அங்கே நுழையக் கூடாது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் முதன்மையானது சாலொமோனின் செல்வம். ஆலயம் அரண்மனையின் பக்கத்துக் கட்டடம், அதன் பொன் அரசப் பெருமையின் விளம்பரம், மற்றதெல்லாம் பிறகு பூசிய பக்தி என்று சொல்லலாம். ஆண்டுக்கு 666 தாலந்து, அதாவது இருபத்திரண்டு டன்னுக்கும் மேல் பொன் அவருக்கு வந்ததாக 1 இராஜாக்கள் 10 சொல்கிறது. தந்த சிங்காசனத்துக்குப் பொன் பூசினார். 200 பெரிய பொற்பரிசைகளும் 300 சிறிய கேடயங்களும் செய்து மாளிகையில் வைத்தார். எண்கள் பெருக்கிச் சொல்லப்பட்டவையாக இருக்கலாம். அரசியல் நோக்கம் இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே நூல்களின் தீர்ப்பைக் கவனிக்க வேண்டும். அரசன் தனக்கென்று வெள்ளியையும் பொன்னையும் மிகுதியாகச் சேர்க்கக் கூடாது என்பது உபாகமம் 17இன் சட்டம். சாலொமோனின் மகன் ஆண்ட ஐந்தாம் ஆண்டில் எகிப்திய மன்னன் சீஷாக் வந்து ஆலயச் செல்வத்தையும் அரண்மனைச் செல்வத்தையும் வாரிச் சென்றபோது, வரலாற்று நூல் பெயர் சொல்லிக் குறிப்பது அந்தப் பொற்கேடயங்களைத்தான். அவற்றுக்குப் பதில் மகன் வெண்கலக் கேடயங்கள் செய்து, ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் காவலரைச் சுமக்கவைத்தான். பொன் போன பிறகும் பவனி மட்டும் நிற்கவில்லை. கி.மு. 701இல் எசேக்கியா மன்னன் தானே தகடு வேய்ந்திருந்த ஆலயக் கதவுகளின் பொன்னை உரித்து அசீரியருக்குக் கொடுத்தான். 30 தாலந்து பொன் என்று 2 இராஜாக்களும் சொல்கிறது, அசீரிய மன்னன் சனகெரிபின் களிமண் பட்டகக் குறிப்பும் அதே எண்ணைச் சொல்கிறது. கண்ணில்படும் பொன் மீண்டும் நாணயமாகிவிடும் என்பதை இஸ்ரயேலின் வரலாறே எழுதிவைத்திருக்கிறது.

இரண்டாவது எதிர்வாதம் சான்றின் நம்பகத்தைப் பற்றியது. பாலைநிலத்தில் அலைந்த கூட்டத்துக்கு இவ்வளவு பொன் ஏது, கூடாரம் முழுவதும் பிற்கால ஆசாரியர்களின் கற்பனை, எருசலேம் ஆலயத்தையே பின்னோக்கிப் போட்ட நிழல் என்று 1878இல் யூலியஸ் வெல்ஹௌசன் வாதிட்டார். சாலொமோன் ஆலயத்தின் பொன்னில் ஒரு துண்டும் அகழாய்வில் கிடைத்ததில்லை என்பதும் உண்மை. மரத்தில் பொன் தகடு போர்த்தும் கலை அந்தக் காலத்துக்கு முன்பே எகிப்தில் உச்சத்தில் இருந்ததை 1922இல் திறக்கப்பட்ட தூத்தன்காமன் கல்லறையின் பொன் வேய்ந்த மாடங்கள் காட்டுகின்றன. ஆனால் கலை இருந்தது என்பதால் கூடாரம் இருந்தது என்று ஆகிவிடாது. நான் அந்த வரலாற்றுச் சிக்கலைத் தீர்க்க முயலவில்லை, என் வாதத்துக்கு அது தேவையுமில்லை. வெல்ஹௌசன் சொன்னது போலப் பிற்காலத்தவர் எழுதிய வரைபடம் என்றே கொள்வோம். கையில் பொன் இல்லாமல், விரும்பியபடி எழுதும் உரிமையோடு ஒருவர் கற்பனை செய்தால், பொன்னை எங்கே வைப்பார்? வாசலில், கோபுரத்தில், ஊரே அண்ணாந்து பார்க்கும் இடத்தில் வைப்பதுதான் இயல்பு. இவர்கள் அதைத் தோலுக்கு அடியிலும் திரைக்குப் பின்னாலும் வைத்து எழுதினார்கள். வரைபடம் கற்பனையானால், அந்தத் தேர்வு இன்னும் தெளிவான இறையியல் முடிவாகிறது.

மூன்றாவது எதிர்வாதம் கனமானது. பிற்காலத்தில் ஏரோது மன்னன் புதுப்பித்துக் கட்டிய ஆலயத்தின் முகப்பு சூரியன் எழும்போது கண்கூசும்படி ஜொலித்ததாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். வாசலில் பொன் திராட்சைக்கொடி படர்ந்திருந்தது. பக்தர்கள் பொன் இலையோ பழமோ குலையோ காணிக்கை தந்து அதில் தொங்கவிட்டதை யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா பதிவு செய்கிறது. அங்கே பொன் வெளியே வந்துவிட்டதே? ஆம், வந்துவிட்டது. அந்த முகப்பை இந்த மரபின் சிகரமாக நான் எண்ணவில்லை. மரபிலிருந்து விலகிய இடமாகவே காண்கிறேன். அந்த ஆலயத்துக்குள்ளும் பழைய உணர்வு உயிரோடு இருந்தது. திருவிழாவுக்கு வந்த பயணிகளுக்கு ஆசாரியர்கள் மேசையைத் தூக்கிக் காட்டினார்கள் என்றும், அப்போது அவர்கள் காணச் சொன்னது மேசையின் பொன்னை அல்ல, அதன்மேல் இருந்த அப்பங்களை என்றும் தல்முது சொல்கிறது. இதோடு சேர்ந்தே எழுவது ஏழைகளைப் பற்றிய கேள்வி. பசித்தவர் இருக்கும் நாட்டில் இருட்டறைச் சுவருக்கு எதற்குப் பொன்? இந்தக் கேள்வியின் நியாயத்தை எந்த அடையாள விளக்கத்தாலும் கரைத்துவிட முடியாது, கரைக்கவும் கூடாது. லீபனோனில் மரம் வெட்ட சாலொமோன் முப்பதாயிரம் பேரைக் கட்டாய வேலைக்குப் பிடித்தார் என்பது அந்த ஆலயத்தின் மேல் படிந்த கறை. தீர்க்கதரிசிகள் ஆமோசும் ஏசாயாவும் நீதியில்லாத வழிபாட்டை இறைவன் வெறுப்பதாக முழங்கியது வீணாக அல்ல. ஆனால் அவர்கள் நின்ற அளவுகோல் கூடாரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. மனமுவந்து தந்ததே பொன் காணிக்கை என்றால், பிடுங்கியது காணிக்கையாகாது. பொன்னின் நடுவே வைக்கப்பட்டவை கட்டளைகள் என்றால், கட்டளையை மீறிச் சேர்த்த பொன் அந்தப் பெட்டியையே பொய்யாக்கும்.

கி.மு. 63இல் ரோமத் தளபதி பொம்பேயு எருசலேமைப் பிடித்தபோது, பிறர் நுழையாத உள்ளிடத்துக்குள் நுழைந்தார். பொன் மேசையையும் விளக்கையும் கண்டார், எதையும் எடுக்கவில்லை என்கிறார் யோசேப்பஸ். உள்ளே தெய்வ உருவம் ஏதுமில்லை, வெற்றிடம்தான் இருந்தது என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். உடன்படிக்கைப் பெட்டியும் அப்போது இல்லை. சாலொமோன் கட்டிய முதல் ஆலயத்தைப் பாபிலோனியர் அழித்த பிறகு அது திரும்பி வரவேயில்லை. அந்தப் பெட்டி இல்லாமலே ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் பாவநிவாரண நாள் நடந்தது, சணலாடை உடுத்தியவர் வெற்றறைக்குள் போய்வந்தார் என்பது என் வாதத்துக்கு வரலாறே தந்த சோதனை. கி.பி. 70இல் ரோமத் தளபதி தீத்துவின் படை ஆலயத்தை எரித்தபோது கொள்ளைப் பொன் சந்தையில் கொட்டியதால் சிரியாவில் பொன் விலை பாதியாக இறங்கியதென்று யோசேப்பஸ் சொல்கிறார். விளக்கு ரோமத் தெருக்களில் வெற்றி ஊர்வலமாகப் போனது. தீத்து வளைவில் செதுக்கப்பட்ட அந்த விளக்கில் மஞ்சள் காவி நிறமியின் தடயத்தை 2012இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆலயம் பொன்னிடமிருந்து பறித்து வைத்திருந்த இரண்டு வல்லமைகளையும், காட்சியையும் விலையையும், ரோமர் ஓராண்டுக்குள் அதற்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காட்சியும் விலையும் ரோமப் பேரரசோடு போயின. பொன்னை இழந்த மக்களின் வழிபாடு ஜெபத்திலும் வேதவாசிப்பிலும் தொடர்ந்தது. பொன்தான் அந்த வழிபாட்டின் உயிர் என்றிருந்தால் இது நடந்திருக்க முடியாது. எந்த மதத்தின் ஆலயப் பொன்னைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்விகளை இந்த வரலாறு வகுத்துத் தருகிறது: அது மனமுவந்து வந்ததா, யாரை உயர்த்திக் காட்டுகிறது, அதன் நடுவே வைக்கப்பட்ட கட்டளைக்கு அது பணிகிறதா? இவற்றுக்கு நேர்மையாக விடை சொல்ல முடிந்த பொன் காணிக்கை. முடியாதது, எந்தக் கூரையின்கீழ் இருந்தாலும், கன்றுக்குட்டிதான்.